பூஜ்யத்துக்கும் ஆறுக்கும் நடுவே

கார் ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவர் தேர்வில் என்னென்ன செய்துகாட்ட வேண்டும் என்பதை 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பதினைந்தாம் விதியில் வரிசையாகச் சொல்கின்றன. கண்ணாடியைச் சரிசெய்வதில் தொடங்கும் அந்தப் பட்டியலில் இரண்டு சங்கதிகள் புதியவர்களை மிகவும் சோதிப்பவை. நின்ற இடத்திலிருந்து வண்டியைப் பத்திரமாகவும் குலுங்காமலும் கிளப்ப வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் மறுபடி எடுக்க வேண்டும். இந்த இரண்டிலும் பெரும்பங்கு இடது காலுடையது. ஸ்டியரிங்கைச் சில நாட்களில் வசப்படுத்திக்கொள்கிறவர்கள்கூட, சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி துள்ளித் துள்ளி ஆஃப் ஆகி, பின்னாலிருந்து ஹார்ன் சத்தம் கிளம்பும்போது வியர்த்துப்போகிறார்கள். அவர்களிடம் திறமைக் குறைவு எதுவும் இல்லை. கிளட்ச்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

பெட்ரோல், டீசல் இன்ஜின்களுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. நீராவி இன்ஜினும் மின்மோட்டாரும் அசையாமல் நிற்கும் நிலையிலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். உள்ளெரி இன்ஜினால் அது முடியாது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்றாவது சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அது ஒழுங்காக உயிரோடு இருக்கும். அதற்கு வெகுவாகக் கீழே தள்ளினால் அணைந்துவிடும். ஒரு சிறிய பெட்ரோல் காரில் முதல் கியர் போட்டிருக்கும்போது இன்ஜின் சுமார் 15 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் முதல் கியரில் அந்தக் கார் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். விறுவிறுவென்று நடக்கிற ஒருவரின் வேகம் அது. இன்ஜின் கஷ்டப்படாமல் தரக்கூடிய மிகக் குறைந்த வேகமும் அதுதான்.

வண்டியோ பூஜ்யத்தில் நிற்கிறது. பூஜ்யத்துக்கும் ஆறுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியை இன்ஜினால் நிரப்ப முடியாது, கியராலும் முடியாது. உரசிக்கொண்டே இழுக்கக்கூடிய ஒரு பொருள் நடுவில் வேண்டும். கிளட்ச் பிறந்தது அதற்காகத்தான்.

ஒர்க் ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்கி வைத்திருக்கும் வண்டியை எட்டிப் பார்த்தால் இதன் அமைப்பு தெளிவாகத் தெரியும். இன்ஜினின் கோடியில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும், அது பிளைவீல். அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கியிருப்பது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது கிளட்ச் பிளேட். சிறிய கார்களில் அது 20 செ.மீ. விட்டத்துக்குள் அடங்கிவிடும். அதன் நடுத்துளையில் உள்ள பற்கள் கியர்பாக்ஸின் தண்டோடு கோத்துக்கொள்ளும். பெடலில் கால் இல்லாதபோது பிரஷர் பிளேட்டில் உள்ள வில்தகடு கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சுற்றுகின்றன. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் வில்தகட்டின் நாக்குகளை அழுத்துகிறது, பிடி விடுபடுகிறது, கிளட்ச் பிளேட் தனித்து நிற்கிறது.

அந்தத் தட்டைக் கையில் எடுத்து விளிம்பைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இருபுறமும் ரிவெட் அடித்த உராய்வுப் பட்டைகள். அவற்றுக்கு நடுவே இருக்கும் எஃகு தட்டையாக இராது. லேசாக அலையலையாக வளைந்திருக்கும். நசுக்கும்போது முதலில் அந்த அலைகள் படிய வேண்டும், அதற்குப் பிறகுதான் முழு அழுத்தமும் விழும். இறுக்கம் சட்டென்று ஏறாமல் படிப்படியாக ஏறுவது இதனால்தான். நடுப்பகுதியைச் சுற்றி, சிறு ஜன்னல்களில் சுருள்வில்கள் பதித்திருக்கும். இன்ஜினின் அதிர்வையும் முறுக்கலையும் அவை வாங்கிக்கொள்ளும். மோட்டார் காரின் ஆரம்ப காலத்தில் தோல் போர்த்திய கூம்பு வடிவக் கிளட்ச்சுகள் புழங்கின. அவற்றில் இந்த வசதியெல்லாம் கிடையாது. பிடித்தால் ஒரேயடியாகப் பிடிக்கும். இன்றைய ஓட்டுநர் அனுபவிக்கும் மென்மையில் பாதி, கண்ணுக்குத் தெரியாத அந்த எஃகு அலைகள் தருவது.

பெடல் மொத்தமாக நகரும் தூரம் ஒரு சாண்கூட இராது. அதில் உண்மையான வேலை நடப்பது இரண்டு மூன்று செ.மீ. அளவுக்குள்தான். டிரைவர்கள் ‘ஆஃப் கிளட்ச்’ என்று சொல்வது இந்த இடத்தை. அதற்குக் கீழே பெடல் எங்கே இருந்தாலும் வண்டி இழுக்காது. அதற்கு மேலே எங்கே இருந்தாலும் பிடி முழுமையாகிவிட்டிருக்கும்.

கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்கும் அந்த ஓரிரு வினாடிகளில் சக்கரத்துக்கு எவ்வளவு இழுவை போகும் என்பதை எது தீர்மானிக்கிறது? ஆக்ஸிலரேட்டர் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உலர்ந்த உராய்வின் பலம், தட்டை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எவ்வளவு வேகமாக உரசுகிறது என்பது அதில் பெரிய மாற்றம் செய்வதில்லை. ஆகவே இடது கால் அசையாமல் இருக்க, வலது காலை மட்டும் அழுத்தினால் இன்ஜின் அலறும். வண்டியின் இழுவை அநேகமாக அப்படியேதான் இருக்கும். அந்த நேரத்தில் வண்டியை இழுப்பது இடது கால். இழுக்கக் கொடுக்கும் பலத்தால் இன்ஜின் தளர்ந்துவிடாமல் தீனி போடுவதுதான் வலது காலின் வேலை. இடது கால் கேட்பதைவிட வலது கால் குறைவாகக் கொடுத்தால் சுற்று விழுந்து வண்டி ஆஃப் ஆகும். அதிகமாகக் கொடுத்தால் மிச்சமெல்லாம் சத்தமாகவும் சூடாகவும் போகும். இந்த ஒன்று மனதில் படிந்துவிட்டால், கிளப்புவதில் உள்ள குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

குலுக்கல் இரண்டு இடங்களில் வரும். முதலாவது, பிடி தொடங்கும் இடத்தைக் கால் வேகமாகக் கடக்கும்போது. அது எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாவதுதான் நுட்பமானது. வழுக்கல் நின்று, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே வேகத்துக்கு வந்து பூட்டிக்கொள்ளும் கணத்தில் அது வரும். இன்ஜினின் சுற்று இறங்கிக்கொண்டிருந்தால், பிளைவீலில் சேர்ந்திருந்த ஆற்றலும் அதுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கும். பூட்டிய மறுகணம் அந்தத் தள்ளல் அற்றுப்போகிறது. முறுக்கிக்கொண்டிருந்த அச்சுத் தண்டுகள் பிரிந்து மறுபடி முறுக்க, வண்டி முன்னும் பின்னுமாகத் தலையாட்டும். புதியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பிடி வரும்வரை பயந்து பயந்து பெடலை விடுவார்கள். வண்டி நகர்ந்ததும் நிம்மதியில் காலைச் சட்டென்று எடுத்துவிடுவார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். அடியிலிருந்து பிடி தொடங்கும் இடம்வரை காலை வேகமாகக் கொண்டுவரலாம், அங்கே இழக்க ஒன்றுமில்லை. பிடி வந்ததும் நிதானிக்க வேண்டும். இரு வேகங்களும் ஒன்றுசேரும்வரை, இன்ஜின் சத்தம் ஒரே சீராக இருக்கும்படி, பெடலை அந்த இரண்டு செ.மீ.க்குள் மெல்ல உயர்த்த வேண்டும். பூட்டிக்கொண்ட பிறகு மீதியை வேகமாக விட்டுவிடலாம். மென்மையும் வேகமும் ஒன்றுக்கொன்று பகை என்பது தவறான எண்ணம். பயனற்ற இடங்களில் வீணாகும் நேரத்தை மிச்சப்படுத்தி, பயனுள்ள இடத்தில் செலவழிப்பவர் இரண்டையும் ஒருசேர அடைகிறார்.

இதைப் பழக நல்ல வழி, சமதளமான காலி மைதானத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மறந்துவிடுவது. குதிகாலைத் தரையில் ஊன்றி, முதல் கியரில் கிளட்ச்சை மட்டும் விட வேண்டும். இன்ஜின் சத்தம் லேசாகக் கம்மி, வண்டியின் மூக்கு ஒரு நூல் அளவு எழும். அங்கே நிறுத்திப் பிடித்தால் வண்டி தானாக நகரும். இப்போதைய இன்ஜின்களில் சுற்று விழுவதைக் கணினி கவனித்துக் காற்றையும் எரிபொருளையும் கூட்டிவிடுவதால் இது எளிதில் கைகூடும். டீசல் வண்டிகளில் இன்னும் சுலபம். நிறுத்தி, மறுபடி எடுத்து, மறுபடி நிறுத்தி, கால் தானாக அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை செய்ய வேண்டும். தடித்த அடிப்பாகமுள்ள ஷூவைவிட மெல்லிய அடிப்பாகமுள்ளது இதற்கு ஏற்றது.

டிரைவிங் ஸ்கூல்கள் முதல் வகுப்பு முழுவதையும் இதற்கே கொடுத்துவிடலாம். நடப்பது வேறு. பயிற்சி வண்டிகளில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது சட்டம். பாதுகாப்புக்காக வைத்த அந்த ஏற்பாட்டைக் கொண்டு, “நீங்க ஸ்டியரிங்கைப் பாருங்க தம்பி, கிளட்ச்சை நான் பாத்துக்கறேன்” என்று மாஸ்டரே கிளட்ச்சை மிதித்து நெரிசலில் வண்டியைக் கடத்திவிடுகிறார். பத்து நாள் ஓட்டியும் மாணவரின் இடது கால் எதையும் கற்றிருக்காது.

ஆஃப் கிளட்ச்சே போடக் கூடாது என்றும் சிலர் அறிவுரை சொல்வார்கள். அதைப் போடாமல் எந்த வண்டியும் நகராது. எவ்வளவு நேரம், எத்தனை சுற்றில் என்பதுதான் கேள்வி. இயற்பியல் இதற்குத் துல்லியமாக விடை தருகிறது. இன்ஜினை ஒரே சுற்றில் வைத்துக்கொண்டு கிளப்பினால், வண்டி பெறும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவு கிளட்ச்சில் வெப்பமாகும். ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார், 1,500 சுற்றில் எடுத்தால் மணிக்கு 11 கி.மீ. வேகத்தில் பூட்டிக்கொள்ளும், தட்டில் சேரும் வெப்பம் சுமார் 4,700 ஜூல். அதையே 3,000 சுற்றில் எடுத்தால் வேகம் இரட்டிப்பு, வெப்பம் நான்கு மடங்கு. முதல் கியருக்குப் பதில் இரண்டாம் கியரில் எடுத்தால் அதே சுற்றுக்கு மூன்று மடங்குக்கும் மேல். சிக்னலில் முதலில் போக விரும்புகிறவர் செய்ய வேண்டியது, சிவப்பு விளக்கின் வினாடிகள் குறைந்துகொண்டிருக்கும் நேரத்தில் இன்ஜினை உறுமவிடுவதன்று. பச்சை விழ ஓரிரு வினாடி இருக்கும்போது கியர் போட்டு, பிரேக்கில் கால் வைத்தபடி பெடலை, பிடி வரும் இடத்தின் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். சாலையில் நேரத்தைத் தின்பது அந்த இடத்தைத் தேடும் தேடல்.

பந்தயத்திலும் கதை இதேதான், அளவு மட்டும் வேறு. ஃபார்முலா ஒன் கார்கள் நின்ற நிலையிலிருந்து இரண்டரை வினாடியை ஒட்டி 100 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிடும். கிளட்ச்சைக் கணினியே விட்டுக்கொடுக்கும் லாஞ்ச் கன்ட்ரோல் 2004 இல் அங்கே தடைசெய்யப்பட்டது. கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டான் அணிக்காக இறங்கியபோது, புறப்பாட்டைத் தன் விரல்களால்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. அந்தக் கார்களில் கிளட்ச் நெம்புகோல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிறது. பின்னாளில் ஓட்டுநர்கள் இரண்டு கிளட்ச் நெம்புகோல்களை வைத்துக்கொண்டு, ஒன்றைப் பிடி வரும் இடத்தில் முன்கூட்டியே நிறுத்தி, மற்றதைச் சட்டென்று விட்டுக் கிளம்பினார்கள். 2016 முதல் புறப்பாட்டுக்கு ஒரே நெம்புகோல் என்று விதி வந்தது. கார்பன் தட்டுகளின் பிடி சூட்டைப் பொறுத்து மாறும் என்பதால், பந்தயத்துக்கு முந்தைய சுற்றிலேயே அதைச் சோதித்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சாலைக் காரில் அப்படி விரைந்து கிளம்ப நினைத்தால் டயர் குறுக்கே நிற்கும். இன்றைய சிறிய கார்களில் இழுப்பது முன்சக்கரம். வண்டி பாயும்போது பாரம் பின்னால் சாய்கிறது. இழுக்க வேண்டிய முன்டயர் லேசாகிச் சுழல்கிறது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் இழுத்தது பின்சக்கரம் என்பதால் அதே சாய்வு அவற்றுக்கு உதவியது. சுழலும் டயர் பிடியில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. அப்போதும் திருத்த வேண்டியது முதலில் இடது கால்தான்.

ஏற்றத்தில் நிலைமை கடுமையாகும். மேம்பாலச் சரிவில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்கைத் தொடாமல் ஆஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துவது பலருடைய பழக்கம். நூறு அடிக்கு ஐந்து அடி உயரும் சரிவில், அதே 1,000 கிலோ காரை 1,200 சுற்றில் அப்படிப் பிடித்துவைத்தால், கிளட்ச்சில் ஒவ்வொரு வினாடியும் 1,200 ஜூல் வெப்பம் பிறக்கிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்து, காற்றோட்டமில்லாத உறைக்குள் மூடிவைத்த மாதிரி. சிறிது நேரத்தில் கருகல் நாற்றம் வரும். அதற்கும் பிறகு பிளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகள் படரும்.

ஹேண்ட் பிரேக்தான் இதற்கு மருந்து. அதைப் போட்டுக்கொண்டு, வலது காலை ஆக்ஸிலரேட்டரில் வைத்துச் சுற்றைச் சற்று உயர்த்தி, இடது காலைப் பிடி வரும்வரை விட வேண்டும். வண்டி இழுக்கத் துடிப்பதை உடம்பு உணர்ந்ததும் ஹேண்ட் பிரேக்கை விட்டால், ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காது. எழுபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் இதைக் கற்றவர் வேறெங்கும் தடுமாற மாட்டார். குறுகலான மலைப்பாதையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று விதி இருப்பதும், ஏற்றத்தில் நின்றுவிட்டு எடுப்பதன் சிரமம் கருதித்தான். அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் 1936 இலேயே, கிளட்ச் மிதித்திருக்கும்வரை பிரேக்கை விடாமல் பிடித்துவைக்கும் ‘ஹில் ஹோல்டர்’ கருவியைத் தன் கார்களில் கொடுத்தது. இப்போதைய பல கார்களில் அந்த வேலையை மின்னணு அமைப்பு செய்கிறது. பிரேக்கிலிருந்து காலெடுத்த பின் இரண்டு வினாடி அளவுக்குத்தான் அது தாங்கும்.

பிடி வரும் இடம் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பட்டை தேயத் தேய, கேபிள் கிளட்ச் உள்ள வண்டிகளில் அது பெடலின் மேற்பகுதிக்கு நகர்ந்துகொண்டே போகும். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாம் கியரில் பெடலை மெல்ல விட்டுப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய சோதனை. இன்ஜின் அணைந்தால் கிளட்ச் பிழைத்திருக்கிறது. ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு வழுக்குகிறது, மாற்ற வேண்டியதுதான். புதுத் தட்டு போட்ட அன்று பிடி மறுபடி கீழே இறங்கியிருக்கும். இருபது வருடம் ஓட்டியவரும் ஒர்க் ஷாப் வாசலில் வண்டியை ஒருமுறை ஆஃப் செய்துவிட்டு, பிறகு காலுக்குப் புது இடத்தைப் பழக்கிக்கொண்டு போவார்.