படகின் பின்பக்கம் ஏன் தட்டை?

இன்றைக்கு மலையில் உட்கார்ந்துகொண்டே கடலைப் பற்றிப் பேசலாம்.

மூணாறுக்கு மேலே மாட்டுப்பெட்டி அணையில் வேகப்படகு பாய்வதை நீ பார்த்திருக்கலாம். பாலக்காட்டுப் பக்கத்துப் பிள்ளை என்றால் பரம்பிக்குளத்தில் மூங்கில் தெப்பத்தைப் பார்த்திருக்கலாம். இந்த இரண்டு இடத்துத் தண்ணீரும் சொந்தக்காரர்கள். மாட்டுப்பெட்டித் தண்ணீர் முதிரப்புழை வழியாகப் பெரியாற்றில் விழுகிறது. பரம்பிக்குளத்து ஆறு சாலக்குடி ஆற்றோடு போய், கடலுக்குக் கொஞ்சம் முன்னால் அதே பெரியாற்றில் கலக்கிறது. அப்புறம் முனம்பம். அங்கேதான் கடல்.

முனம்பத்தில் பெரிய மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை ஊர்க்காரர்கள் அங்கிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆழ்கடலுக்குப் போகிறார்கள். சுறாவும் சூரையும் தேடிப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். தங்கு கடல் தொழில் என்பது அதுதான்.

படகைப் பார்க்கிற பிள்ளைகள் எல்லாரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். கூராக, அழகாக இருக்குமே! நீ பின்பக்கம் போய் நின்று, "இது ஏன் வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறது?" என்று கேட்டால் சபாஷ் என்பேன். படகு கட்டுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வதும் அந்த இடத்தில்தான். அந்தத் தட்டையான பின்பலகைக்கு டிரான்சம் என்று பெயர்.

முதலில் ஒரு சங்கதி. எல்லாப் படகுக்கும் பின்பக்கம் தட்டையாக இருப்பதில்லை. பழைய சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நிற்கும். ஆளும் மூட்டையும் கரைக்கு வர மசூலாப் படகுதான். அதன் முன்னும் கூர், பின்னும் கூர். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடித்தால் படகு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், உடையாது.

பின்பக்கம் ஏன் கூர்? யோசித்துப் பார். படகு கரைக்கு வரும்போது அலை எந்தப் பக்கத்திலிருந்து வரும்? ஆமாம், பின்னாலிருந்து! வேகமாக வரும் அலை கூரான பின்பக்கத்தில் பட்டால் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் ஓடிவிடும். அகலமான தட்டைப் பலகையில் பட்டால் அதை அப்படியே தூக்கிவிடும். பின்பக்கம் எழும்ப, அணியம், அதாவது படகின் முன்தலை, தண்ணீரில் குத்தும். குத்திய இடத்தில் படகு தடுமாறிக் குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகை அடுத்த அலை கவிழ்த்துவிடும். கடலோர மக்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். ஆழ்கடலில் பிழைத்து வந்தவர்கள்கூட முகத்துவாரத்தில், அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தில், மிகுந்த கவனமாக இருப்பார்கள்.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் மேலே உள்ள பத்தியை இன்னொரு முறை மெதுவாகப் படி. அவசரமில்லை.

அப்படியானால் எல்லாப் படகுக்கும் பின்பக்கத்தைக் கூராக்கிவிடலாமே? அங்கேதான் எஞ்சின் வந்து நிற்கிறது. கூரான பின்பக்கத்துக்குள் காற்றுக்கு இடம் குறைவு. அதனால் அது அதிகப் பாரத்தைத் தாங்காது. எஞ்சினைத் தொங்கவிட்டு, பக்கத்தில் இரண்டு பேர் நின்று வலை இழுத்தால் பின்பக்கம் அமிழ்ந்துபோகும். அகலமான பின்பலகை இருந்தால் அதே பாரத்தை அசையாமல் தாங்கும்.

வேகமும் ஒரு காரணம். ஆற்றில் தட்டைக் கல்லைச் சாய்வாக வீசித் தவளை விட்டிருக்கிறாயா? கல் மிதக்கிற பொருளே இல்லை. ஆனாலும் வேகம் இருக்கும்வரை தண்ணீரின் மேல் தத்தித் தத்திப் போகிறது. மாட்டுப்பெட்டி வேகப்படகும் இப்படித்தான். வேகம் எடுத்ததும் தண்ணீரைப் பிளப்பதை விட்டுவிட்டு அதன் மேலே ஏறி ஓடும். அதற்குத் தட்டையான அடியும், கத்தரித்தாற்போன்ற பின்விளிம்பும் வேண்டும். விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் தண்ணீர் பலகையை ஒட்டிக்கொண்டு மேலே ஏறாமல் பிரிந்து போகும்.

ஆனால் ஐஸும் டீசலும் ஏற்றிய மீன்பிடிப் படகு அப்படி ஏறி ஓடாது. அது தண்ணீரை ஒதுக்கிக்கொண்டுதான் போகும். அதன் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. கணக்குப் போடுவோமா? தண்ணீரைத் தொடும் இடத்தில் படகின் நீளத்தை மீட்டரில் எடு. அதன் வர்க்கமூலத்தை 2.4 ஆல் பெருக்கு. 9 மீட்டர் படகா? 9-இன் வர்க்கமூலம் 3. அப்போது மணிக்கு 7.2 கடல் மைல், ஏறக்குறைய 13 கிலோமீட்டர். 16 மீட்டர் படகுக்கு என்ன வரும்? நீயே போடு. 9.6 கடல் மைல் வந்தால் சரி. இந்த வரம்பைத் தாண்டப் பெரிய எஞ்சின் வைத்தால் டீசல்தான் தீரும். படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏற முடியாமல் முக்கிக்கொண்டு நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயர். 1867-இல் டார்ட் என்ற ஆற்றில் பொம்மைப் படகுகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒரு வகைக்கு ரேவன் என்று பேர், அண்டங்காக்கை. முன்பக்கம் நல்ல கூர். இன்னொன்று ஸ்வான், அன்னம். கொஞ்சம் மொழுக்கையானது. கூரானதுதான் எப்போதும் ஜெயிக்கும் என்று அன்றைய அறிஞர்கள் நம்பினார்கள். மெதுவாக இழுத்தபோது ரேவன் சுலபமாகப் போனது. வேகத்தைக் கூட்டியதும் ஸ்வான்தான் சுலபமாகப் போனது! எல்லா வேகத்துக்கும் ஒரே நல்ல வடிவம் கிடையாது என்று பொம்மைகள் காட்டிவிட்டன. பிறகு 1872-இல் டார்க்கி ஊரில் இதற்காகவே நீளமான தொட்டி கட்டிச் சோதித்தார். இன்றைக்கும் பெரிய கப்பல்களின் மாதிரியை முதலில் தொட்டியில்தான் இழுத்துப் பார்க்கிறார்கள்.

இனி அடிப்பாகம். தட்டை அடி ஆழமில்லாத தண்ணீரிலும் போகும், மணலில் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அலை வந்தால் பட்பட்டென்று அறையும். உள்ளே இருப்பவருக்கு முதுகெலும்பு நோகும். வி வடிவ அடி அலையை வெட்டிக்கொண்டு போகும். அதற்குப் பெரிய எஞ்சின் வேண்டும். உருண்டை அடிக்குச் சின்ன எஞ்சின் போதும். ஆனால் பக்கவாட்டில் ஆடும். ஆட்டத்தைக் குறைக்கவும் படகை நேரே ஓட வைக்கவும் அடியில் நீளவாக்கில் ஏரா, அதாவது முதுகுக்கட்டை, ஓடும்.

எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. படகின் அழகைப் பார்த்துப் படகைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முதலில் கரையைக் கேட்க வேண்டும். வீடு திரும்பும் வழி மணற்கரையா, முகத்துவாரமா, அலையில்லாத துறைமுகமா? 1950-களில் இந்தியாவும் நார்வேயும் ஒப்பந்தம் போட்டு, கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் எஞ்சின் படகுகளைக் கொண்டுவந்தன. நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் படகுகளுக்கு ஒதுங்க அமைதியான முகத்துவாரம் வேண்டும். அலை அடிக்கும் திறந்த மணற்கரை ஊர்கள் கட்டுமரத்தையும் வள்ளத்தையும்தான் நம்பியிருந்தன. கட்டுமரத்தில் அலை ஏறினாலும் மரத்துக்கு நடுவே வழிந்துவிடுமே!

தங்கு கடல் படகுக்கோ துறைமுகம் இருக்கிறது. அதனால் மணலைப் பற்றிக் கவலையில்லை, பாரத்தைப் பற்றித்தான் கவலை. போகும்போது டீசலும் ஐஸும் நிறைந்திருக்கும். வரும்போது டீசல் குறைந்து மீன் நிறைந்திருக்கும். இரண்டு நிலையிலும் படகு சரியாக உட்கார வேண்டும். அதற்கு உருண்டை அடி, நல்ல ஏரா, மேலே அகலமான பின்பலகை நல்லது. ஒரு நுணுக்கம்: படகின் அடி பின்னால் போகப் போக மேலே ஏற வேண்டும். பின்பலகையின் கீழ்விளிம்பு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அது ஆழமாக மூழ்கினால் பின்னால் தண்ணீர் சுழலும். அந்தச் சுழல் படகைப் பின்னுக்கு இழுக்கும். கொச்சியில் 1957-இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், டீசலை மிச்சப்படுத்த 19.75 மீட்டர் நீளத்தில் 'சாகர் ஹரிதா' என்ற படகை வடிவமைத்து 2016-இல் கடலில் விட்டது. உடலுக்கு எஃகு, மேலே உள்ள அறைக்கு எடை குறைந்த ஃபைபர். மேல்பாரம் குறைந்தால் படகு நிலையாக நிற்கும், பார்த்தாயா?

சின்ன ஃபைபர் வள்ளத்தில் அவுட்போர்டு எஞ்சினைப் பின்பலகையில் மாட்டுவதென்றால் உயரத்தை அளந்து பார்க்க வேண்டும். எஞ்சினின் தண்டு நீளத்துக்குத் தக்கபடி பலகையின் உயரம் 15 அங்குலமோ 20 அங்குலமோ இருக்கும். தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கு மேலே ஒரு தகடு இருக்கிறதே, அது படகின் அடியோடு ஒரே மட்டத்தில் வர வேண்டும். எஞ்சின் மேலே போனால் விசிறி காற்றை இழுத்து வெறுமனே சுழலும். கீழே போனால் தண்ணீரை அரைத்துக்கொண்டு வேகம் குறையும். பலகையை அந்த இடத்தில் தாழ வெட்டுவதால் பின்னாலிருந்து வரும் அலை உள்ளே எட்டிப் பார்க்கும். அதற்காக, வெட்டுக்கு முன்னால் ஒரு சிறு தொட்டி கட்டி, தண்ணீர் வெளியே ஓட ஓட்டை விடுவார்கள்.

இப்போது உன் முறை. அணைக்கோ ஆற்றுக்கோ போகாதே; துணி துவைக்கிற தொட்டி போதும், வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள். ஒரு சாண் நீளத்தில் தெர்மகோல் துண்டு மூன்று எடு. மூன்றுக்கும் முன்பக்கம் கூர். ஒன்றுக்குப் பின்பக்கமும் கூர். இரண்டாவதற்குத் தட்டை. மூன்றாவதற்கும் தட்டைதான், ஆனால் அடியைப் பின்னோக்கிச் சரிவாக மேலே சீவிவிடு. தண்ணீரில் கொஞ்சம் காய்ந்த தேயிலைத்தூளைத் தூவி, நூல் கட்டி ஒவ்வொன்றாக மெதுவாக இழு. எதன் பின்னால் தூள் அதிகம் சுழல்கிறது? படம் வரைந்து வை. அப்புறம் மூன்றின் பின்பக்கத்திலும் ஒரு சின்னக் கல்லை எஞ்சினாக வைத்து மறுபடி இழுத்துப் பார்.