கடற்பாசி: ஒரு வேதியியல் வரலாறு – 9
ஒட்டவிடாத சர்க்கரை

பாக்டீரியாக்களை வளர்த்து ஆராய்வதற்கு உலகெங்கும் பயன்படும் அகர், செம்பாசிகளைக் கொதிக்கவைத்து எடுக்கப்படும் ஒரு கூட்டுச்சர்க்கரை ஆகும். ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறை அனுபவத்தைக் கொண்டு 1881இல் அதைப் பரிந்துரைத்தார். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்க இயலாது என்பதும், உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸிலும் அது இளகுவதில்லை என்பதும் அதன் சிறப்புகள். நுண்ணுயிர்களுக்குப் படுக்கையாகும் இந்த அகருக்கு நெருங்கிய உறவான மற்றொரு செம்பாசிச் சர்க்கரை, வைரஸ்களின் வழியை மறிக்கிறது என்பதே இந்த இயலின் பொருள். அதன் பெயர் கராஜீனன்.

இரண்டுமே காலக்டோஸ் என்னும் எளிய சர்க்கரை நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டு உருவானவை. ஆனால் அகரில் மிக அரிதாகவே காணப்படும் சல்பேட் தொகுதி, அதாவது கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த எதிர்மின்னேற்றமுள்ள கூறு, கராஜீனனில் நிறைந்திருக்கிறது. சங்கிலியின் இரண்டிரண்டு சர்க்கரை அலகுகளுக்குச் சராசரியாக ஒரு சல்பேட் இருந்தால் அது கப்பா, இரண்டு இருந்தால் அயோட்டா, மூன்று இருந்தால் லாம்டா எனப்படும். ராமநாதபுரம் மாவட்டத்தின் பாக் நீரிணைக் கரையோரத்தில் மீனவப் பெண்கள் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி தருவது முதல் வகையை. வைரஸ் ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் அயோட்டா வேறொரு பாசியிலிருந்து வருகிறது.

மனித உயிரணுக்களின் மேற்பரப்பில் ஹெபரான் சல்பேட் என்னும் சர்க்கரைச் சங்கிலிகள் பாசிபோல் படர்ந்திருக்கின்றன. பல வைரஸ்கள் உயிரணுவுக்குள் நுழையுமுன், தம் புரத உறையிலுள்ள நேர்மின்னேற்றப் பகுதிகளைக் கொண்டு முதலில் இவற்றையே பற்றிக்கொள்கின்றன. சல்பேட் ஏறிய கடற்பாசிச் சர்க்கரை அச்சங்கிலிகளை ஒத்திருப்பதால், வைரஸ் உயிரணுவைப் பற்றுவதற்குப் பதிலாக அதைப் பற்றிச் சிக்கிக்கொள்கிறது. இங்கு நிகழ்வது கொல்லுதல் அன்று, ஒட்டவிடாமல் தடுத்தல். பாக்டீரியாவின் மேற்பரப்பு பொதுவாக எதிர்மின்னேற்றம் உடையது என்பதால் இந்த உத்தி அதனிடம் அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை. கடற்பாசிச் சர்க்கரை பாக்டீரியாவைக் கொல்வதாகச் சொல்லும் ஆய்வுகளைப் படிக்கும்போது, சரியாகச் சுத்திகரிக்கப்படாத சாற்றில் எஞ்சிய பாலிபீனால் போன்ற பொருள்கள் அந்த வேலையைச் செய்திருக்கக்கூடுமா என்று கேட்பது அவசியம்.

வைரஸைத் தடுக்கும் இந்த ஆற்றலுக்கான தொடக்கச் சான்று 1958இல் கிடைத்தது. ஜெலீடியம் பாசியிலிருந்து பிரித்த கூட்டுச்சர்க்கரைகள், கருவுற்ற கோழிமுட்டைகளை இன்ஃபுளுவென்சா பி, பொன்னுக்குவீங்கி ஆகியவற்றின் வைரஸ்களிலிருந்து காத்தன. அரைநூற்றாண்டு கழித்து, பாப்புலேஷன் கவுன்சில் என்னும் அமைப்பு கராஜீனனால் செய்த 'கராகார்டு' களிம்பு எச்.ஐ.வி.யைத் தடுக்குமா என்று தென்னாப்பிரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தது. 2008இல் வெளியான முடிவு ஏமாற்றம் அளித்தது. களிம்பு பாதுகாப்பானதாக இருந்தது, ஆனால் தொற்றைத் தடுக்கவில்லை. உடலுறவு நிகழ்ந்த தருணங்களில் பாதிக்கும் குறைவானவற்றிலேயே அது பயன்படுத்தப்பட்டிருந்தது என்பது ஒரு காரணம், எச்.ஐ.வி. உள்ளே நுழைவதற்கு நம்புவது முக்கியமாக சிடி4 என்னும் வேறொரு வாயிலை என்பது அதைவிட ஆழமான காரணம். ஆய்வகக் குடுவையில் பெற்ற வெற்றி உடலிலும் தொடரும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இந்தத் துறையில் இல்லை.

ஹெபரான் சல்பேட்டையே பெரிதும் சார்ந்த வைரஸிடம் நிலைமை மாறுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. அத்தகையது, ஹெபரான் சல்பேட்டை ஒத்த ஹெபாரின் என்னும் சர்க்கரையைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வலுவாக கராஜீனன் அதைத் தடுப்பதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர். பின்னர் மான்ட்ரியாலில் இளம்பெண்களிடம் நடத்தப்பட்ட சோதனையில், கராஜீனன் களிம்பு புதிய எச்.பி.வி. தொற்றை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மூக்கில் தெளிக்கும் அயோட்டா கராஜீனன், கொரோனாக் காலத்தில் அர்ஜென்டினாவின் மருத்துவப் பணியாளர்கள் சுமார் 400 பேரிடம் சோதிக்கப்பட்டபோது, மருந்து பெற்றவர்களில் 1 விழுக்காட்டினருக்கும் வெற்றுத் திரவம் பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டது. ஊக்கமூட்டும் முடிவாயினும், சோதனை சிறியது.

இப்பயன் அனைத்தும் வைரஸ் வந்து படியும் இடத்திலேயே சர்க்கரை பூசப்பட்டிருந்தால்தான் கிடைக்கிறது. ஐஸ்கிரீமில் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கப்படும் கராஜீனன் உடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடுவதால், அதை உண்பதால் தொற்றுத் தடுப்பு எதுவும் வாய்க்காது. எச்.பி.வி.யைப் பொறுத்தவரை, மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் களிம்பு தடுப்பூசிக்கு ஈடாகாது; உரிய வயதில் பெண்பிள்ளைகளுக்கு அந்த ஊசியைப் போடுவதைக் கடற்பாசி மருந்தின் பெயரால் எந்தப் பெற்றோரும் தள்ளிப்போட வேண்டாம்.

(தொடரும்)