பழைய காரின் கண்ணாடிக்கு எந்தப் பசை?

மலைநாட்டு மழையின் பலத்தை அறிய விரும்புவோர், கொட்டகலையில் ஓடும் ஒரு பழைய மோட்டார்க் காரின் முகப்புக் கண்ணாடியின் கீழோரத்தைப் பார்த்தாற் போதும். கடல் மட்டத்துக்கு 1,200 மீற்றருக்கு மேலே அமைந்த இவ்வூரில், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் மாறி மாறி வருகின்றன. நனைந்த இடம் காய்வதற்குள் மறுபடியும் நனைந்துவிடும். துருவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1977ஆம் ஆண்டு வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டின் பயனாக, ஒஸ்டின், மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளை நம்மவர் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே காப்பாற்றி வந்தனர். அவற்றுட் சில இன்றும் ஓடுகின்றன. கல் தெறித்துக் கண்ணாடி உடையும்போதுதான் அவற்றின் உரிமையாளருக்குச் சங்கடம் தொடங்குகிறது. கண்ணாடி எப்படியாவது கிடைத்துவிடும். அதைப் பொருத்தும்போது எந்தப் பசையை இடுவது என்பதிலேயே பலர் தவறிவிடுகின்றனர்.

மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1948இல் வெளிவந்த இவ்வண்டிக்கு முதலில் இரண்டு தட்டையான முகப்புக் கண்ணாடிகள் இருந்தன. 1956இல் வளைந்த ஒரே கண்ணாடி வந்தது. இரண்டையும் தாங்குவது இறப்பர்ச் சட்டமே. அதன் ஒரு பள்ளம் கண்ணாடியையும், மற்றொரு பள்ளம் தகட்டின் விளிம்பையும் கவ்விக்கொள்ளும். ஆகவே இங்கே பசைக்கு உரிய வேலை நீரைத் தடுப்பது மாத்திரமே. இக்காலக் கார்களிலோ கண்ணாடியைப் பொலியூரதேன் பசையால் உடலோடு ஒட்டிவிடுகின்றனர். அங்கே கண்ணாடியும் வண்டியின் பலத்தில் ஒரு பங்கு. புதிய கார்களிற் பழகிய கராஜ் பாஸ்மார் அதே பசையைப் பழைய காருக்கும் இட்டால், அடுத்த முறை கண்ணாடியைக் கழற்றும்போது வெட்டித்தான் எடுக்க வேண்டும். பூச்சும் கூடவே உரிந்து, வெற்றுத் தகடு வெளிப்படும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் சிலிக்கோன். எந்த இரும்புக் கடையிலும் கிடைப்பதால் அதையே பலர் நாடுகின்றனர். மீன்தொட்டிக்கு அது நல்லதுதான். ஆனால் சாதாரண வகைச் சிலிக்கோன் இறுகும்போது வினாகிரி மணம் வீசும். இரசாயனம் பயிலும் மாணவர்கள் அதனை உடனே இனங்காண்பர்: அசெற்றிக்கமிலம். அது வெற்று இரும்பை அரிக்கும். இரு கண்ணாடிகளுக்கிடையே பிளாஸ்டிக் தாள் வைத்த கண்ணாடியாயின், அத்தாளின் ஓரத்தையும் கெடுக்கும். மணமற்ற வகையும் உண்டு. ஆயினும் சிலிக்கோன் படிந்த இடத்தில் பின்னர் வர்ணம் பிடிக்காது, குழி குழியாக விலகி நிற்கும்.

யன்னற் சட்டத்துக்கு இடும் ஆளிவிதை எண்ணெய்ப் புட்டியும் இதற்கு உதவாது. தோட்டப் பாதையில் வண்டியின் உடல் சிறிது முறுகிக்கொண்டே செல்லும். இறுகிய புட்டி அந்த அசைவில் வெடித்துவிடும்.

பின் எதுதான் பொருத்தம்? இறுகாத மாஸ்டிக் என்னும் பசையே. பியூட்டைல் இறப்பரைக் கொண்டு செய்யப்படும் வகைகள் பல ஆண்டுகள் மென்மையாகவே இருந்து, உடல் அசைந்தாலும் உடன் அசைந்து இடைவெளியை அடைக்கும். வேண்டியபோது கழற்றவும் தடையில்லை. வாங்கும்போது ‘இறுகாதது’ என்று கேட்டு வாங்குதல் வேண்டும்.

எத்தனை நல்ல பசையானாலும் வெடித்த பழைய இறப்பருக்கு மருந்தாகாது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியே இறங்கினால், யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் தேயிலை முடிந்து இறப்பர் மரங்கள் தொடங்குவதை வாசகர்கள் கண்டிருப்பர். 1876இல் ஹெனரத்கொடைக்குக் கன்றுகளாக வந்த இனமது. அந்த இயற்கை இறப்பர் வெயிலிலும் ஓசோனிலும் நாளடைவில் வெடிக்கும். புதுச் சட்டம் வாங்குவோர் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை இறப்பரைத் தேடுவது நன்று. விளிம்பிலுள்ள துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, அது நன்கு காய்ந்தபின்னரே கண்ணாடியை ஏற்ற வேண்டும். இவ்வேலையில் அவசரம் ஆகாது. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடற் தகடுகளே பாரத்தைத் தாங்குகின்றன. கண்ணாடி ஓரத்தால் இறங்கும் நீர் அடித்தளத்தை அரித்தால், வண்டியில் ஏறும் குடும்பத்துக்கே ஆபத்து.

பொருத்தும் முறை எளிது, இருவர் வேண்டும். கண்ணாடியைச் சுற்றி இறப்பரை மாட்டி, தகட்டைக் கவ்வும் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் செலுத்தி, சவர்க்கார நீர் தடவ வேண்டும். ஒருவர் வெளியே நின்று அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுத்தால் இறப்பரின் உதடு விளிம்பின்மேல் ஏறிக்கொள்ளும். பிறகு இறப்பரைச் சிறிது தூக்கி, முதலில் கண்ணாடிப் பக்கமும், அடுத்துத் தகட்டுப் பக்கமும் மாஸ்டிக்கை வெளிப்புறமாகச் செலுத்துவர். வழிந்ததைத் துடைக்கப் பெற்றோலோ மண்ணெண்ணெயோ கூடாது. இயற்கை இறப்பர் அவற்றில் ஊதிவிடும்.

கதவுக் கண்ணாடிக்கு எந்தப் பசையும் வேண்டியதில்லை. அது கம்பளி பதித்த தவாளிப்பில் ஏறி இறங்குவது. அதன் ஓரமாகச் சிறிது மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறவே கதவின் அடியில் சிறு துளைகள் உள்ளன. ஒழுக்கை நிறுத்துவதாக எண்ணி இத்துளைகளையும் பசையால் அடைப்போர் உளர். அவர்களுடைய கதவு குடமாகி, உள்ளிருந்தே அரித்துப் போகும். ஏப்ரல் மாதத்தில், பெருமழைக்கு முன், ஓர் ஈர்க்கினால் அத்துளைகளைக் குத்திச் சேற்றை அகற்றிவிடுதல் வேண்டும்.