இமாம் கஸ்ஸாலியும் கருத்தடையும்

கருத்தரிக்காமல் தடுப்பது ஓர் உயிரைக் கொல்வதாகுமா? ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்த இமாம் கஸ்ஸாலி, பதில் தேடி வணிகச் சட்டத்துக்குள் போனார். விற்கிறேன் என்று ஒருவர் சொல்லி, வாங்கிக்கொண்டேன் என்று மற்றவர் சொன்னால்தான் ஒப்பந்தம். முதலாமவர் சொன்னதை, எதிராளி வாய் திறப்பதற்குள் திரும்பப் பெற்றால், அவர் ஒப்பந்தத்தை முறித்தவர் ஆகமாட்டார். முறிப்பதற்கு அங்கே ஒப்பந்தமே ஏற்படவில்லை. ஆணிடமிருந்து வருவது முதற்சொல், பெண்ணிடமிருந்து வருவது ஏற்புச்சொல். இரண்டும் கலக்காதவரை அழிக்கப்படுவதற்கு எதுவும் உருவாகவில்லை என்பது அவர் வாதம். நிகாஹ் சபையில் ஈஜாப் (முதற்சொல்), கபூல் (ஏற்புச்சொல்) கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

கஸ்ஸாலி (1058–1111) ஈரானின் தூஸ் நகரத்தார். ‘இஹ்யா உலூமுத்தீன்’ என்ற தம் பெருநூலில், திருமணம் பற்றிய பகுதியில் இதை எழுதினார். அவர் பேசியது ‘அஸ்ல்’ பற்றி. உறவின் முடிவில் ஆண் விலகி, விந்தை வெளியே விட்டுவிடும் பழைய முறை. குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் இதைச் செய்துவந்ததாக நபித்தோழர் ஜாபிர் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. தவறென்றால் தடை இறங்கியிருக்குமே என்பது உட்பொருள். எதிர்த்தரப்புக்கும் ஆதாரம் உண்டு. ஜுதாமா என்ற பெண்மணி வழியாக வரும் ஹதீஸ், அஸ்லை மறைமுகமான சிசுக்கொலை என்கிறது. ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் அதைப் பிடித்துக்கொண்டு, அஸ்ல் கூடவே கூடாது என்றார். ஆனால் ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி ஆகிய நான்கு மத்ஹபுகளின் (சட்டப் பள்ளிகளின்) அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதியின் பக்கமே நின்றார்கள். விரும்பத்தக்கதல்ல, ஆனால் ஹராமும் அல்ல என்று சொன்னவர்கள் நிறைய.

இந்த வாதத்தின் அடியில் ஓர் உயிரியல் கேள்வி ஒளிந்திருக்கிறது. குழந்தை எதிலிருந்து உருவாகிறது? கிரேக்கர்களிடமே இதில் சண்டை. ஆணின் விந்துதான் உருவம் தருகிறது, பெண் தருவது மாதவிடாய் இரத்தம் என்ற மூலப்பொருளை மட்டுமே என்றார் அரிஸ்டாட்டில். பெண்ணுக்கும் விதை உண்டு, இரண்டும் கலந்தே கரு என்றார் மருத்துவர் காலன். இரண்டு கட்சியும் அரபு மருத்துவ நூல்களில் ஏறிவிட்டன. கஸ்ஸாலி என்ன செய்தார் தெரியுமா? பெண்ணின் விதையோ, மாதவிடாய் இரத்தமோ, எதுவாகவும் இருக்கட்டும், ஆணின் துளி தனியாகக் குழந்தை ஆவதில்லை என்று இரண்டு கட்சிக்கும் பொதுவான இடத்தில் போய் நின்றுகொண்டார். எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் வழக்கு தோற்காத மாதிரி வாதாடும் வக்கீலின் சாமர்த்தியம் இது. பாலூட்டியின் கருமுட்டையை வான் பேயர் நுண்ணோக்கியில் கண்டது 1827இல். விந்தணுவும் முட்டையும் ஒன்றுசேருவதை ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியில் பார்த்து எழுதியது 1876இல். கஸ்ஸாலியிடம் இருந்த விவரங்கள் தவறு. கோடு கிழித்த இடம் மட்டும் சரியாக இருந்தது.

அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கரு உருவான பின் கலைப்பது குற்றம், வளர வளரக் குற்றத்தின் கனமும் கூடும் என்றார். ஹனஃபி அறிஞர்கள் சிலர், தக்க காரணம் இருந்தால் உயிர் ஊதப்படும் 120 நாளுக்கு முன் கலைப்பதை அனுமதித்திருக்கிறார்கள். அது தனி விவகாரம்.

எதற்காகத் தடுக்கலாம் என்றும் கஸ்ஸாலி பட்டியல் போட்டார். பிரசவத்தில் மனைவியின் உயிருக்கு ஆபத்து வரும் என்ற அச்சம், பிள்ளைகள் பெருகி வயிற்றுப்பாட்டுக்குத் திண்டாட நேரும் என்ற கவலை, மனைவியின் அழகு குலையாதிருக்க வேண்டும் என்ற ஆசைகூட. ஆனால் பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்று பயந்து தடுப்பதை ஏற்க மறுத்தார். ஸ்கேன் பார்த்துக் கருவைக் கலைக்கும் ஊர்களில் உரக்க வாசிக்க வேண்டிய பக்கம் அது.

மனைவி என்ன நினைக்கிறாள்? கேட்டாக வேண்டும் என்றது பெரும்பான்மைச் சட்டம். பிள்ளை பெறுவதும் உறவில் நிறைவடைவதும் அவளுடைய உரிமைகள், ஆகவே அவள் சம்மதிக்காமல் கணவன் அஸ்ல் செய்யக்கூடாது என்பது ஹனஃபி, மாலிகி, ஹன்பலி அறிஞர்களின் பொதுக் கருத்து. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை முஸ்லிம்களிடையே பரவலாக உள்ள ஷாஃபி மத்ஹபில் சம்மதம் கட்டாயமில்லை என்போரே அதிகம். கஸ்ஸாலியும் ஷாஃபிக்காரர்தான். இந்த ஒரு விஷயத்தில் மற்ற மூவர் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

சட்ட அறிஞர்கள் அஸ்லோடு நின்றுகொண்டிருக்க, மருத்துவர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். கஸ்ஸாலிக்கு முந்தைய தலைமுறையில் இப்னு சீனா எழுதிய ‘கானூன்’ நூலில் கருத்தடைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பிரசவத்தில் இறந்துவிடக்கூடிய சிறுவயதுப் பெண்ணுக்கும் கருப்பையில் நோய் உள்ளவளுக்கும் கருத்தரிக்காமல் காப்பது வைத்தியரின் வேலை என்கிறார். தேவதாரு மரத்துத் தாரை உறவுக்கு முன் பூசச் சொல்கிறார். பிசுபிசுப்பான பொருளில் விந்தணு நீந்தத் திணறும் என்பதால் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. உறவு முடிந்ததும் பெண் எழுந்து பின்பக்கமாகத் துள்ளிக் குதிக்க வேண்டும் என்ற கிரேக்கக் கால யோசனையையும் அவர் விடவில்லை. அதில் ஒன்றுமில்லை. 12ஆம் நூற்றாண்டில் இந்த நூல் லத்தீனுக்குப் போய், ஐரோப்பிய மருத்துவ மாணவர்களின் பாடப் புத்தகமாயிற்று.

அஸ்ல் நம்பத்தக்கதா? இதை மட்டும் நம்பியிருக்கும் தம்பதிகளில் ஓராண்டுக்குள் 100க்குச் சுமார் 20 பேர் கருத்தரித்துவிடுகிறார்கள் என்கிறது இன்றைய மருத்துவக் கணக்கு. அன்றைய நீதிபதிகளும் ஏமாளிகள் அல்லர். நான் அஸ்ல் செய்தேன், இது என் பிள்ளை அல்ல என்று கணவன் கைகழுவ முடியாது. அவனறியாமல் துளி முந்தியிருக்கலாம் என்பது சட்டத்தின் பதில்.

நவீன கருத்தடைச் சாதனங்கள் வந்தபோது, எகிப்தின் தலைமை முஃப்தி 1937இல் இந்தப் பழைய அஸ்ல் தீர்ப்புகளின் மீதே நின்று அனுமதி கொடுத்தார். மறுபுறம் மௌலானா மௌதூதி, குடும்பக்கட்டுப்பாட்டை ஓர் இயக்கமாக நடத்துவதைக் கடுமையாக எதிர்த்துப் புத்தகமே எழுதினார். இரண்டு பேச்சும் இன்றும் ஜும்ஆ மேடைகளில் கேட்கும்.

ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈரானைப் பார்க்கலாம். 1979 புரட்சிக்குப் பின் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறரைக் குழந்தைகளுக்கு மேல். 1986 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5 கோடியை நெருங்கிவிட்டது. ஈராக்குடனான எட்டு ஆண்டுப் போர் முடிந்த கையோடு, 1988இல் மக்கள்தொகை பற்றி மஷ்ஹதில் ஒரு கருத்தரங்கம் கூடியது. கஸ்ஸாலி பிறந்த தூஸ் அங்கிருந்து பக்கம்தான். அடுத்த ஆண்டு அரசுத் திட்டம் வந்தது. கருத்தடையில் தவறில்லை என்று புரட்சித் தலைவர் கொமெய்னி முன்பே சொல்லியிருந்ததால் மதத் தடை எழவில்லை.

வேலை நடந்தது கிராமத்துச் ‘சுகாதார வீடு’களில். உள்ளூர்க்காரர்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, ‘பெஹ்வர்ஸ்’ என்ற பெயரில் அமர்த்தினார்கள். சுவரில் வட்டங்களுக்குள் வட்டமாக வரைந்த ஒரு பெரிய வண்ண அட்டை தொங்கும். எந்த மாதம் எத்தனை பிறப்பு, தாயின் வயது என்ன, யார் இறந்தார்கள், எத்தனை பேர் எந்தக் கருத்தடை முறையில் இருக்கிறார்கள் என்று ஊரின் ஓராண்டு வாழ்க்கை முழுக்க அந்த ஒரே அட்டையில் இருக்கும். மாத்திரை, ஆணுறை, அறுவை எல்லாம் இலவசமாகவே கிடைத்தன. திருமணத்துக்கு முன் மணமக்கள் குடும்பக்கட்டுப்பாட்டு வகுப்பில் உட்கார்ந்து கேட்டாக வேண்டியிருந்தது.

2011க்குள் ஒரு பெண்ணுக்கான குழந்தைச் சராசரியை 4க்கு இறக்குவது இலக்கு. 2000இலேயே அது 2 அளவுக்கு வந்துவிட்டது. திட்டம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இறக்கம் ஆரம்பித்திருந்தது என்கிறார்கள் மக்கள்தொகை அறிஞர்கள். கிராமத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தார்கள், குழந்தை இறப்பும் குறைந்திருந்தது. இறக்கம் ஈரானில் மட்டுமல்ல. நம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்திய முஸ்லிம் பெண்களின் சராசரி 1992–93இல் 4.4, 2019–21இல் 2.4. பக்கத்து வங்கதேசத்திலும் இதே போக்குதான். குடும்பத்தின் அளவை மார்க்கத்தை மட்டும் வைத்து அளக்கிறவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு ஈரானின் தலைமை மனம் மாறியது. கட்டுப்பாட்டுத் திட்டத்தை இவ்வளவு நாள் நீட்டித்தது பிழை என்று 2012இல், அப்போது உச்சத் தலைவராக இருந்த காமெனெய் சொன்னார். 2021இல் வந்த சட்டம் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசக் கருத்தடைச் சாதனங்களை நிறுத்தியது. அதிகம் பெறுவோருக்குச் சலுகைகளை அறிவித்தது. அதன் பிறகும் சராசரி 2ஐத் தொடவில்லை.