ஒரே தடுப்பூசி மறுபடியும் ஏன்?

ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய இரு நோய்களுக்கான டி.டி. தடுப்பூசி 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படுகிறது. "குழந்தையிலேயே போட்டாயிற்றே, மறுபடியும் எதற்கு?" என்று பெற்றோர் கேட்பார்கள். அறிவியல் ஆசிரியராக, நான் இரண்டு நோய்களை ஒப்பிட்டுப் பதில் சொல்வது வழக்கம்.

தடுப்பூசி போட்டதும் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. கிருமியை அடையாளம் வைத்துக்கொள்ளும் நினைவாற்றல் செல்களும் உருவாகின்றன. எதிர்ப்பொருள்கள் வாசலில் நிற்கும் காவலர்கள் என்றால், நினைவாற்றல் செல்கள் தகவல் கிடைத்த பிறகு கிளம்பி வரும் படை. அந்தப் படை வந்துசேரச் சில நாள்கள் ஆகும்.

முதலில் ஹெபடைடிஸ்-பி. ஒரு லிட்டர் இரத்தச் சீரத்தில் 10 பன்னாட்டு அலகு எதிர்ப்பொருள் இருந்தால் பாதுகாப்பு உண்டு எனக் கொள்கிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த அளவு குறைந்துவிடலாம். ஆனாலும் பாதுகாப்பு பெரும்பாலும் நீடிக்கிறது. காரணம், இந்த வைரஸ் நுழைந்து நோய் வெளிப்பட 30 முதல் 180 நாள்கள் ஆகும். படை வந்துசேர அது போதும். ஆகவே ஆரோக்கியமான குழந்தைகளுக்கு ஊக்க ஊசி பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

ரணஜன்னியின் கதை வேறு. காயத்தில் வளரும் பாக்டீரியாவின் நச்சுதான் இங்கே எதிரி. அது நரம்புக்குள் புகுந்துவிட்டால் எதிர்ப்பொருளால் அதைப் பிடிக்க முடியாது. நோயை உண்டாக்கும் நச்சின் அளவோ மிகச் சிறியது. எதிர்ப்பாற்றலைத் தூண்டக்கூட அது போதாது. அதனால்தான் ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போடுகிறார்கள். இங்கே படைக்காகக் காத்திருக்க முடியாது. காவலர்கள் முன்கூட்டியே வாசலில் நிற்க வேண்டும். அவர்களின் எண்ணிக்கை குறையும்போது மீண்டும் கூட்டுவதே ஊக்க ஊசியின் வேலை.

எல்லாத் தடுப்பூசியின் பலனையும் எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கவும் முடியாது. காசநோய்க்கான பி.சி.ஜி.யில் முக்கியப் பங்கு டி செல்களுக்கு. கையில் தழும்பு இல்லை என்பதால் பாதுகாப்பு இல்லை என்று பொருளல்ல.

மாணவர்களிடம் வலியுறுத்த வேண்டியது இன்னொன்று உண்டு. தட்டம்மை போன்ற தொற்றுநோயில், சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட தடுப்பூசி போடாதவரையும் ஓரளவு காக்கும். ரணஜன்னி ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. மண்ணிலிருந்து காயத்துக்கு வருகிறது. வகுப்பில் 39 பேர் போட்டுக்கொண்டாலும் நாற்பதாவது குழந்தைக்கு அதனால் பாதுகாப்பு இல்லை. ஆகவே, தடுப்பூசி நாளில் வராத மாணவர்களின் பெயர்களைக் குறித்துவைத்து, கிராம சுகாதார செவிலியரிடம் அன்றே கொடுத்துவிடுவோம்.