தேவைகள் மேலாண்மை மென்பொருளிலிருந்து விரிதாளுக்குத் தரவு ஏற்றுமதி

ஒரு திட்டம் நிறைவேற்ற வேண்டியவற்றைப் பதிந்து, அவற்றின் மாற்றங்களையும் சோதனைகளையும் தொடர்ந்து கண்காணிக்க உதவும் மென்பொருள் தேவைகள் மேலாண்மை மென்பொருள் எனப்படும். ஐ.பி.எம். நிறுவனத்தின் டோர்ஸ், சீமென்ஸ் நிறுவனத்தின் போலாரியன், ஜாமா ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றில் உள்ள தரவை எக்செல், லிப்ரே ஆபிஸ் கால்க் போன்ற விரிதாள்களில் திறக்கக்கூடிய கோப்பாக வெளியே எடுப்பதே ஏற்றுமதி ஆகும்.

தேவை என்பது

குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான அனுசாட் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழகம், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் வழிகாட்டுதலில் உருவாக்கிய, சுமார் 40 கிலோ எடை கொண்ட இச்செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.-சி12 ஏவூர்தி மூலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் செலுத்தப்பட்டது. இத்தகைய திட்டம் ஒன்றின் தேவைகள் பின்வருமாறு அமையலாம். இவை விளக்கத்திற்காக இங்கே எழுதப்பட்டவை. அனுசாட் ஆவணங்களில் உள்ளவை அல்ல.

- 0046: (தலைப்பு) தகவல் தொடர்புக் கருவி
- 0047: அது தரை நிலையத்திலிருந்து வரும் செய்தியைச் சேமித்து வைக்க வேண்டும்.
- 0048: சேமித்த செய்தியைக் கட்டளை கிடைத்ததும் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஒவ்வொரு தேவைக்கும் மாறாத அடையாள எண், படிநிலையில் ஓர் இடம், பிற தேவைகளுடனும் சோதனைகளுடனும் இணைப்பு, திருத்த வரலாறு ஆகிய நான்கும் உண்டு. விரிதாளோ வரிசைகளும் நெடுவரிசைகளும் மட்டுமே கொண்டது. ஏற்றுமதியில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

ஏற்றுமதி ஏன்?

மென்பொருளின் உரிமம் எல்லாரிடமும் இருப்பதில்லை. வாடிக்கையாளர், உதிரிபாகம் வழங்குவோர், தணிக்கையாளர் ஆகியோருக்கு அனுப்பவும், கூட்டங்களில் ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கவும், எத்தனை தேவைகளுக்குச் சோதனை முடிந்தது என்று கணக்கிடவும் விரிதாள் வசதியானது.

செய்முறை

1. தேவையான நெடுவரிசைகளைக் கொண்ட காட்சி ஒன்றை மென்பொருளில் அமைக்க வேண்டும். அடையாள எண், தலைப்பு நிலை, தேவையின் வாசகம், நிலைமை, இணைக்கப்பட்ட சோதனைகள் ஆகியவை குறைந்தபட்சம் இருக்க வேண்டும்.
2. வடிகட்டி ஏதேனும் செயலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பல மென்பொருள்களில் திரையில் தெரிபவை மட்டுமே ஏற்றுமதியாகும்.
3. திருத்தங்கள் நடந்துகொண்டிருக்கும் நிலையை விட, உறைய வைத்த பதிப்பிலிருந்து எடுப்பது நல்லது.
4. எக்செல் அல்லது சி.எஸ்.வி. வடிவத்தைத் தேர்ந்து சேமிக்க வேண்டும். கோப்பின் பெயரில் நாளையும் பதிப்பு எண்ணையும் சேர்க்க வேண்டும்.

இழக்கப்படுபவை

படிநிலை: மேலே உள்ள 0047ஐ மட்டும் வடிகட்டி எடுத்தால் "அது" எதைக் குறிக்கிறது என்பது தெரியாது. தலைப்பையும் தனி நெடுவரிசையாக எடுத்தால் இதைத் தவிர்க்கலாம்.

இணைப்பு: ஒரு தேவைக்கு மூன்று சோதனைகள் இருந்தால், சில மென்பொருள்கள் மூன்றையும் ஒரே கட்டத்தில் இடும்; சில, அதே தேவையை மூன்று வரிசைகளாக எழுதும். இரண்டாவது முறையில் வரிசைகளை எண்ணினால் தேவைகளின் எண்ணிக்கை தவறாகக் கூடிவிடும்.

படங்களும் வரலாறும்: வாசகத்தினுள் இருக்கும் வரைபடங்களும் சமன்பாடுகளும் பெரும்பாலும் விடுபடும். யார், எப்போது திருத்தினார் என்ற வரலாறு பொதுவாக வருவதில்லை.

விரிதாள் தானாகச் செய்யும் மாற்றங்கள்

சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தால், 0047 என்ற அடையாள எண் 47 ஆகிவிடும். 4.10 என்ற பிரிவு எண் 4.1 ஆகி, உண்மையான 4.1 பிரிவுடன் கலந்துவிடும். 3-12 போன்ற குறியீடு தேதியாக மாறும். சமக்குறியுடன் தொடங்கும் வாசகம் சூத்திரமாகக் கொள்ளப்படும். தேதியாக மாறும் இச்சிக்கல் அறிவியலாளர்களையும் வாட்டியது. MARCH1 போன்ற மனித மரபணுக் குறியீடுகளை எக்செல் தேதியாக்கியதால், 2020இல் அவற்றின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

அளவுக்கும் எல்லை உண்டு. பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவம் 65,536 வரிசைகளை மட்டுமே ஏற்கும், புதிய எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வடிவம் 10,48,576 வரிசைகளை ஏற்கும். ஒரு கட்டத்தில் 32,767 எழுத்துகளுக்கு மேல் இடம் இல்லை. 2020 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் பழைய வடிவத்தின் வரிசை எல்லை நிரம்பியதால், 15,841 கொரோனா நோயாளிகளின் விவரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் வரவில்லை. அவர்களுடன் தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது. தேவைகள் பட்டியலில் இப்படி ஒரு வரிசை விடுபட்டால், அந்தத் தேவை சோதிக்கப்படாமலே பொருள் வெளியே போகக்கூடும்.

தமிழ் வாசகங்கள்

தமிழில் எழுதப்பட்ட தேவைகள் சி.எஸ்.வி. கோப்பில் யுனிகோடு யு.டி.எஃப்.-8 குறியேற்றத்தில் இருக்கலாம். அதை இருமுறை சொடுக்கித் திறந்தால் எழுத்துகள் சிதைந்து தெரிவது உண்டு. எக்செலின் தரவுப் பகுதியில் உள்ள "உரை அல்லது சி.எஸ்.வி.யிலிருந்து" என்ற வசதி மூலம் திறந்து, யு.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தால் சரியாகும். அங்கேயே அடையாள எண் நெடுவரிசையை "உரை" வகையாகக் குறித்தால் முன்பூச்சியங்களும் தப்பும்.

சரிபார்த்தல்

- மென்பொருள் காட்டும் தேவைகளின் எண்ணிக்கையும் விரிதாளில் உள்ள வெவ்வேறு அடையாள எண்களின் எண்ணிக்கையும் ஒன்றா?
- முதல் தேவை, கடைசித் தேவை, மிக நீளமான தேவை ஆகியவை முழுமையாக வந்துள்ளனவா?
- சோதனை இணைப்பு இல்லாத வரிசைகள் மென்பொருளிலும் அப்படியே உள்ளனவா?

திரும்ப ஏற்றுதல்

விரிதாளில் செய்த திருத்தங்களை மென்பொருளுக்குத் திருப்பி ஏற்றும்போது அடையாள எண் மட்டுமே பாலமாக நிற்கும். அது மாறியிருந்தால் பழைய தேவை திருத்தப்படாமல் புதிய தேவை ஒன்று உருவாகலாம். இடைப்பட்ட நாட்களில் மற்றவர்கள் மென்பொருளில் செய்த மாற்றங்கள் அழியவும் வாய்ப்புண்டு. ஆகவே கருத்துகளுக்கெனத் தனி நெடுவரிசை வைத்து, மூல வாசகத்தைப் பூட்டி அனுப்புவது பாதுகாப்பானது.

இரு நிறுவனங்கள் வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே தேவைகளைப் பரிமாற வேண்டுமானால் ரெக்-ஐ.எஃப். என்ற வடிவம் ஏற்றது. ஜெர்மன் வாகனத் துறையில் தொடங்கிய இது, 2011இல் ஓ.எம்.ஜி. அமைப்பின் தர வரையறையாயிற்று. படிநிலை, இணைப்பு ஆகியவற்றையும் இது கொண்டுசெல்லும்.

விரிதாள், அது எடுக்கப்பட்ட நாளின் நிலையை மட்டுமே காட்டும் நகல் ஆகும். தேவை மாறியதா என்று அறிய மென்பொருளில் உள்ள மூலத்தையே பார்க்க வேண்டும்.