1995-ல் இன்டர்நெட் வியாபாரம்: பிழைத்தவர்கள் போட்ட கணக்கு என்ன?



"ஆன்லைன்ல ஒரு கடை போடலாம்னு இருக்கோம். வெப்சைட்டுக்கு எவ்ளோ ஆகும்? விளம்பரத்துக்கு எவ்ளோ ஒதுக்கணும்?" நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. நகைக்கடன் வாங்கி இதில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிஎஃப் பணத்தை எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் "எவ்வளவு ஆகும்" என்பதற்கு முன்னாடியே வேறொரு கேள்விக்குப் பதில் தெரியணும். இன்டர்நெட்டை வைத்துச் சம்பாதித்தவர்கள் எதனால் சம்பாதித்தார்கள்? கோடிக்கணக்கில் கொட்டியும் இழுத்து மூடியவர்கள் எதனால் மூடினார்கள்?

இதைப் புரிந்துகொள்ள நல்ல காலகட்டம் 1995 முதல் 2002 வரை. அப்போ இணைப்பு விலை அதிகம், வேகம் ரொம்பக் குறைவு. அதனால் லாபம் எங்கே, நஷ்டம் எங்கே என்று பளிச்சென்று தெரியும். ஆரம்பத்திலிருந்தே பார்க்கலாம், வாங்க.

அன்றைக்கு இன்டர்நெட் என்ன விலை?

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. கொடுத்தது விஎஸ்என்எல் என்கிற அரசு நிறுவனம். முதலில் பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் என நான்கு பெருநகரங்களில் தொடங்கினார்கள். 250 மணி நேரத்துக்குத் தனிநபர் என்றால் சுமார் 5,000 ரூபாய். நிறுவனம் என்றால் 15,000 ரூபாயும் அதற்கு மேலும். வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். டெலிபோன் லைன் வழியாக டயல் செய்துதான் இணையணும். நெட்டில் இருக்கும்வரை போன் எங்கேஜ்டு. தனியார் நிறுவனங்கள் இணைப்பு கொடுக்க அனுமதி வந்ததே 1998 நவம்பரில்தான்.

இப்போ கணக்குக்கு வருவோம். 15,000 ரூபாயை 250 மணி நேரத்தால் வகுத்தால், மணிக்கு 60 ரூபாய். லோக்கல் கால் கட்டணம் தனி. அதே காலத்தில் அமெரிக்காவுக்கு ஐஎஸ்டி பேச நிமிடத்துக்கே 60 ரூபாய்க்கு மேல் ஆகும். அங்கே ஒரு நிமிடத்துக்குக் கொடுக்கிற காசு, இங்கே ஒரு மணி நேரத்துக்கு!

ஒரு ஏற்றுமதியாளரை எடுத்துக்கோங்க. வெளிநாட்டு பையருக்குத் தினமும் ஃபேக்ஸ் அனுப்புகிறார். ஒரு பக்கம் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நிமிடம், அதாவது 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 10 பக்கம், வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றால் மொத்தம் 2,500 பக்கம். ஃபேக்ஸ் செலவு மட்டும் 1,50,000 ரூபாய். இதையே ஈமெயிலில் அனுப்பினால் 15,000 ரூபாயும் கொஞ்சம் போன் பில்லும்தான்.

ஆனால் மாசத்துக்கு 10 பக்கம் மட்டுமே அனுப்புகிற சின்ன வியாபாரிக்கு வருஷச் செலவே 7,200 ரூபாய்தான். அவர் 15,000 கொடுத்து இன்டர்நெட் வாங்கினால் அது நஷ்டம். வருஷத்துக்கு 250 பக்கம் என்பது இங்கே பிரேக் ஈவன். அதற்கு மேலே அனுப்புகிறவருக்கு லாபம், கீழே இருப்பவருக்கு வீண். திருப்பூர், கரூர் மாதிரி ஊரில் இருந்தவர் ஆரம்பத்தில் மெட்ராஸுக்கு எஸ்டிடி போட்டுத்தான் இணைய முடியும். அவருக்கு அந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்கணும். எதிர்ப்பக்கம் பையரிடமும் ஈமெயில் இருந்தாகணும்.

அதே இன்டர்நெட்தான், அதே விலைதான். ஒருத்தருக்குச் சொத்து, இன்னொருத்தருக்குச் சுமை. இந்தப் பதிவு முழுக்க நாம பார்க்கப் போறது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

பாதி இன்டர்நெட், பாதி ஃபேக்ஸ்

1996-ல் தினேஷ் அகர்வால் இந்தியாமார்ட்டை ஆரம்பித்தார். இந்திய ஏற்றுமதியாளர்களின் விவரங்களை வெப்சைட்டில் போட்டு, வெளிநாட்டு பையர்கள் பார்க்கிற மாதிரி செய்வது யோசனை. சிக்கல் என்னவென்றால், பையரிடம் இன்டர்நெட் இருந்தது, இங்கே பெரும்பாலான வியாபாரிகளிடம் இல்லை. அதனால் வந்த விசாரணைகளை இவர்களே ஈமெயிலில் வாங்கி, பிரிண்ட் எடுத்து, வியாபாரிகளுக்கு ஃபேக்ஸில் அனுப்பினார்கள்.

பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் கணக்கு சரியாக இருந்தது. வியாபாரிக்குத் தேவை கம்ப்யூட்டர் இல்லை, ஆர்டர். வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய் ஒரு பையரைப் பிடிக்க ஆகிற செலவை இது குறைத்தது. அதற்குத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள்.

ரயில்வேயின் ஐஆர்சிடிசி 2002-ல் ஆன்லைன் முன்பதிவு ஆரம்பித்தபோதும் இதே கதைதான். பணம் கட்டுவது நெட்டில், டிக்கெட் வீட்டுக்கு வருவது கூரியரில். முழுசா டிஜிட்டல் ஆகும்வரை யாரும் காத்திருக்கவில்லை. ஸ்டேஷனில் வரிசையில் நிற்கிற நேரம் மிச்சமானால் போதும் என்று மக்கள் பயன்படுத்தினார்கள்.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்த முருகவேல் ஜானகிராமன் 1997-ல் தமிழர்களுக்காக ஒரு இணையதளம் நடத்தினார். அதில் கல்யாண வரன் பகுதிக்குத்தான் கூட்டம் அதிகம் வந்தது. அதைத் தனியாக வளர்த்ததுதான் பாரத்மேட்ரிமோனி. கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்கு வரன் தேடுவது எவ்வளவு அலைச்சல், எவ்வளவு செலவு என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அதனால் சந்தா கட்ட யோசிக்கவில்லை.

முதல் நாளிலிருந்தே காசு

அமெரிக்காவில் பியர் ஒமிடியார் 1995 செப்டம்பரில் ஒரு ஏல இணையதளம் தொடங்கினார். பிற்காலத்தில் அதுதான் இபே. கூட்டம் அதிகமானதும், இணைப்பு கொடுத்த நிறுவனம் மாசக் கட்டணத்தை 30 டாலரிலிருந்து 250 டாலராக உயர்த்தியது. கைக்காசு போட்டு இதை நடத்த முடியாது என்று, விற்பவர்களிடம் சின்னக் கட்டணம் கேட்டார். செக்குகள் தபாலில் வந்து குவிந்தன. வந்த தொகை செலவைத் தாண்டியது. அவரிடம் குடோன் இல்லை, சரக்கு இல்லை, டெலிவரி இல்லை. ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு மட்டும் அவருக்கு.

இந்தியாவில் சஞ்சீவ் பிக்சந்தானி 1997-ல் நௌக்ரி.காம் ஆரம்பித்தார். அமெரிக்காவில் மாசம் 25 டாலர் வாடகைக்கு ஒரு சர்வர். பேப்பர்களில் வந்த வேலை விளம்பரங்களைத் தொகுத்து ஏற்றினார்கள். பிறகு கம்பெனிகளிடம் ஒரு விளம்பரத்துக்கு 350 ரூபாய் கேட்டார்கள். முதல் வருஷ விற்பனை வெறும் 2.35 லட்சம்தான். பெரிசா ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறாரா என்கிற கேள்விக்கு முதல் வருஷமே பதில் கிடைத்துவிட்டது.

ஒவ்வொரு ஆர்டரிலும் ஓட்டை

இப்போ மறுபக்கம். பெட்ஸ்.காம் என்ற அமெரிக்க நிறுவனம் நாய், பூனைகளுக்கான உணவை ஆன்லைனில் விற்றது. 1999 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை விற்பனை சுமார் 6 லட்சம் டாலர். விளம்பரச் செலவு சுமார் 118 லட்சம் டாலர்! நாய் உணவு மூட்டை கனமானது, விலை மலிவானது, லாபம் குறைவானது. அதை வீட்டுக்கு அனுப்பும் செலவே லாபத்தை முழுங்கிவிடும். போதாக்குறைக்கு வாங்கிய விலைக்கும் கீழே விற்றார்கள். 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்து, அதே வருஷம் நவம்பரில் மூடிவிட்டார்கள்.

வெப்வேன் மளிகைச் சாமான் டெலிவரி செய்த நிறுவனம். போதுமான ஆர்டர் வருவதற்கு முன்பே, நூறு கோடி டாலருக்குக் குடோன் கட்டித் தர ஒப்பந்தம் போட்டது. 2001 ஜூலையில் திவால்.

இரண்டு பேருக்கும் நினைப்பு ஒன்றுதான்: "முதல்ல கூட்டத்தைச் சேர்ப்போம், லாபம் அப்புறம் வரும்." ஒரு ஆர்டருக்கு 10 ரூபாய் நஷ்டம் என்றால், ஆயிரம் ஆர்டருக்கு 10,000 ரூபாய் நஷ்டம். வளர வளர ஓட்டையும் வளரும்.

கையில் ரொக்கம்

2000 மார்ச் 10 அன்று நாஸ்டாக் குறியீடு 5,048-ல் முடிந்தது. 2002 அக்டோபரில் சுமார் 1,114. கிட்டத்தட்ட 78 சதவீதச் சரிவு. நல்ல நிறுவனம், மோசமான நிறுவனம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அடித்தது. அமேசான் பங்கு 100 டாலருக்கு மேலிருந்து 6 டாலருக்கும் கீழே போனது.

அமேசானும் அப்போ நஷ்டத்தில்தான் இருந்தது. அப்படியென்றால் எப்படித் தப்பித்தது? இரண்டு காரணம் முக்கியம். ஒன்று, புத்தகம் வாங்குபவர் கார்டில் உடனே பணம் கட்டிவிடுவார். சப்ளையருக்குப் பல வாரம் கழித்துத்தான் கொடுக்கணும். நடுவில் அந்தப் பணம் அமேசான் கையில். எங்கள் பாஷையில் நெகட்டிவ் வொர்க்கிங் கேப்பிடல். சுலபமாகச் சொன்னால், வாடிக்கையாளர் காசிலேயே கடை ஓடுகிறது. இரண்டாவது, சந்தை உடைவதற்கு ஒரு மாதம் முன்னால், 2000 பிப்ரவரியில், கடன் பத்திரங்கள் மூலம் 69 கோடி யூரோ திரட்டி வைத்திருந்தார்கள். 2001-ன் கடைசிக் காலாண்டில்தான் முதல் லாபம், 50 லட்சம் டாலர்.

நௌக்ரியும் அப்படியே. 2000-ல் ஐசிஐசிஐ தரப்பிலிருந்து 7 கோடிக்கு மேல் முதலீடு வந்தது. சந்தை விழுந்ததும், அந்தப் பணத்தை விளம்பரத்தில் இறைக்காமல் பேங்க் டெபாசிட்டில் வைத்து நிதானமாகச் செலவு செய்தார்கள். 2006-ல் அதன் தாய் நிறுவனமான இன்ஃபோ எட்ஜ் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

இப்போ உங்க கணக்கு

இன்றைக்கு இணைப்பு கிட்டத்தட்ட இலவசம், யுபிஐ இருக்கிறது, கூரியர் எல்லா ஊருக்கும் போகிறது. கணக்கு மட்டும் மாறவில்லை. வீட்டில் இட்லிப் பொடி செய்து விற்பவரை வைத்துப் பார்ப்போம். எண்கள் புரிதலுக்கு மட்டும், ஜிஎஸ்டியை இப்போதைக்குச் சேர்க்கவில்லை.

கால் கிலோ பாக்கெட் விலை 150 ரூபாய். சரக்கும் உழைப்பும் 70, பேக்கிங் 15, கூரியர் 60, பேமெண்ட் கேட்வே 3. மொத்தம் 148. மிச்சம் 2 ரூபாய். இந்த ஆர்டரைப் பிடிக்க இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 40 ரூபாய் ஆகியிருந்தால், ஒரு பாக்கெட்டுக்கு 38 ரூபாய் நஷ்டம். இது நம்ம வீட்டு பெட்ஸ்.காம்!

அதே ஆள் "குறைந்தது மூன்று பாக்கெட்" என்று வைத்தால்? விலை 450. சரக்கு 210, பேக்கிங் 25, கூரியர் 80, கேட்வே 9. மொத்தம் 324. மிச்சம் 126. விளம்பரம் 40 போனால் 86 ரூபாய் கையில். அதே வாடிக்கையாளர் அடுத்த மாசம் வாட்ஸ்அப்பில் நேராகக் கேட்டால், விளம்பரச் செலவே இல்லை. பொடி அதேதான், அடுப்பும் அதேதான்.

பணம் போடுவதற்கு முன் நான்கு கேள்விகள்

1. இன்டர்நெட் உங்க தொழிலில் எந்தச் செலவைக் குறைக்கிறது? கடை வாடகையா, அலைச்சலா, தரகா? பதில் இல்லையென்றால், வெப்சைட் ஒரு புதுச் செலவு மட்டுமே.

2. ஒரே ஒரு ஆர்டரில், எல்லாச் செலவும் போக என்ன மிஞ்சுகிறது? திரும்பி வரும் பார்சலையும் கணக்கில் சேருங்க. கேஷ் ஆன் டெலிவரியில் இது அதிகம்.

3. பணம் எப்போ கைக்கு வருகிறது? முன்பணமா, பத்து நாள் கழித்தா? சப்ளையருக்கு நீங்க கொடுக்கும் தேதி அதற்கு முன்னாடியா, பின்னாடியா?

4. ஆறு மாசம் ஆர்டரே வராவிட்டால் வீட்டுச் செலவு எப்படி ஓடும்? அதற்கான தொகையைத் தனியாக வைத்துவிட்டு, மீதியை மட்டும் போடுங்க.

கூடவே ஒன்று. வரிக்குரிய சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்பனை குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவை. ஆரம்பிக்கும் முன் உங்க ஆடிட்டரிடம் கேட்டுக்கோங்க.

வெப்சைட் கட்டாமலே இதைச் சோதிக்கலாம். தெரிந்தவர் அல்லாத 20 பேருக்கு வாட்ஸ்அப்பில் விற்றுப் பாருங்க. ஒரு நோட்டில் ஒவ்வொரு ஆர்டரின் வரவையும் செலவையும் எழுதுங்க. 20 ஆர்டரில் மிச்சம் வந்தால் 200-க்குப் போகலாம். வராவிட்டால், நகை லாக்கரிலேயே இருக்கட்டும்.

ஒரு ஆர்டர் கணக்கை எக்செல் ஷீட்டில் எப்படிப் போடுவது என்று நம்ம சேனலில் ஒரு வீடியோவில் காட்டுகிறேன். அதுவரைக்கும் ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.